தள்ளுவண்டி வீரன் டொமிசாபுரோ

ஜப்பான் நாட்டில் டொமிசாபுரோ வகயாமா என்று ஒரு நடிகர் இருந்தார். பருத்த உடல். உருண்டை முகம். தெருவில் பார்த்தால் மளிகைக் கடை முதலாளி என்றுதான் நினைக்கத் தோன்றும்.

ஆனால், அவர் கையில் வாளைக் கொடுத்தால் போதும். எதிரே நிற்பவன் கண்ணை இமைப்பதற்குள் சண்டையே முடிந்துவிடும்!

படக்கதைப் புத்தகத்தில் கருப்புக் கோடுகளாக இருந்த ஒரு சாமுராய்க்குச் சினிமாவில் உயிர் கொடுத்தவர் இவர். சாமுராய் என்பவர்கள் பழங்கால ஜப்பானில் பிரபுக்களிடம் சேவகம் செய்த வாள் வீரர்கள்.

தம்பியின் புகழுக்குப் பின்னால் மறைந்து கிடந்த ஓர் அண்ணன், 42-வது வயதில் தன் பெயரை நிலைநாட்டிய கதை இது.

இசைக் குடும்பம்

டொமிசாபுரோ 1929-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 1-ந் தேதி டோக்கியோவில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மசாரு ஒகுமுரா. டொமிசாபுரோ என்பது பிற்காலத்தில் வைத்துக்கொண்ட மேடைப் பெயர்.

தந்தை பெரிய இசைக் கலைஞர். கபுகி என்ற பழைய ஜப்பானிய நாடகங்களுக்குப் பாடுகிறவர். மூன்று தந்திகள் கொண்ட சாமிசென் என்ற வாத்தியத்தில் வல்லவர்.

1931-ல் ஒரு தம்பி பிறந்தான். அவன்தான் பிற்காலத்தில் ஷின்தாரோ காட்சு என்று ஜப்பான் முழுவதும் கொண்டாடப்பட்ட நடிகர்.

வீட்டில் எந்நேரமும் இசைதான். பிள்ளைகள் இருவரும் தந்தை வழியில் கலைத்துறைக்கு வந்தார்கள். ஆனால் மூத்தவருக்குச் சண்டைக் கலையிலும் மோகம் பிடித்துவிட்டது.

சிறு வயதிலேயே ஜூடோ கற்கத் தொடங்கினார். கருப்புக் கச்சை வாங்கினார். அதிலும் நான்காம் நிலைவரை உயர்ந்தார். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியராகவும் இருந்தார். கம்புச் சண்டை பயின்றார். வாள் வீச்சும் பயின்றார். உறையிலிருந்து வாளை உருவும்போதே எதிரியை வெட்டி வீழ்த்தும் 'இயாய்' என்ற கலையும் அவருக்குக் கைவந்தது.

தம்பி முந்தினார்

1954-ல் தம்பி சினிமாவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அண்ணனும் சேர்ந்தார்.

ஆரம்பத்தில் இருவருக்கும் பெரிய பெயர் இல்லை. 1962-ல் தம்பிக்கு யோகம் அடித்தது. கண் தெரியாத வாள் வீரன் ஒருவன். 'சாட்டோஇச்சி' என்று பெயர். பிடித்துவிடும் தொழில் செய்து பிழைப்பவன். அந்த வேடத்தில் காட்சு நடித்த படம் பெருவெற்றி பெற்றது. படத்துக்கு மேல் படமாக அந்த வரிசை நீண்டது. 1973-க்குள் 25 படங்கள்!

அண்ணன் நிலை என்ன? அதே 1962-ல் வந்த இரண்டாவது சாட்டோஇச்சி படத்தில் அவருக்கு ஒரு வேடம் கிடைத்தது. கதாநாயகனின் அண்ணன் வேடம்! சொந்தத் தம்பிக்குத் திரையிலும் அண்ணனாக வந்து, அவனோடு பகைத்து நிற்கும் பாத்திரம். அப்போது அவர் கென்சாபுரோ ஜோ என்று வேறு பெயரில் நடித்துக்கொண்டிருந்தார்.

பெயரை மாற்றினார். கம்பெனியை மாற்றினார். மீண்டும் பழைய பெயருக்கே வந்தார். 1968-க்குப் பிறகு டோயெய் கம்பெனியின் ரௌடிப் படங்கள் அவருக்கு ஓரளவு பெயர் தந்தன. ஆனாலும், தம்பிக்கு ஒரு சாட்டோஇச்சி கிடைத்ததுபோல, இவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும்படி ஒரு வேடம் அமையவில்லை.

ஓநாயும் குட்டியும்

1970-ல் ஜப்பானிய வாரப் பத்திரிகை ஒன்றில் புதிய படக்கதை ஆரம்பமாயிற்று. படக்கதையை அங்கே 'மங்கா' என்பார்கள். கதை எழுதியவர் கசுவோ கொய்கே. படம் வரைந்தவர் கோசெகி கொஜிமா. கதையின் பெயர் 'கொசுரே ஓகாமி'. குட்டியோடு திரியும் ஓநாய் என்று பொருள்.

கதாநாயகன் பெயர் இட்டோ ஓகாமி. நாட்டை ஆளும் ஷோகனிடம் பெரிய பதவியில் இருப்பவன். குற்றம் செய்த பிரபுக்கள் தங்கள் வயிற்றைத் தாங்களே கிழித்துக்கொண்டு சாகவேண்டும் என்பது அக்காலத் தண்டனை. அப்படிக் கிழித்துக்கொள்ளும்போது தலையை வெட்டித் துன்பத்தை முடித்து வைப்பது இவன் வேலை.

அந்தப் பதவிமீது யாக்யு என்ற குடும்பத்தார் கண் வைத்தார்கள். சதி செய்து இவன் மனைவியைக் கொன்றார்கள். ராஜத் துரோகி என்ற பழியையும் இவன்மீது சுமத்தினார்கள்.

மிச்சம் இருந்தது ஒரு கைக்குழந்தை. பெயர் டைகோரோ.

தந்தை குழந்தையின் முன்னால் ஒரு பந்தை வைத்தான். ஒரு வாளையும் வைத்தான். குழந்தை பந்தைத் தொட்டால் அதை அதன் தாயிடமே அனுப்பிவிடுவது. வாளைத் தொட்டால் தன்னோடு பழிவாங்கும் பாதையில் கூட்டிப் போவது. இப்படி முடிவு செய்துவிட்டுக் காத்திருந்தான்.

குழந்தை தவழ்ந்து வந்தது. பந்தைப் பார்த்தது. பிறகு, பளபளத்த வாளின்மேல் கை வைத்தது!

அன்று முதல் குழந்தையை ஒரு மரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தான். 500 பொற்காசு கொடுப்பவர்களுக்குக் கூலிக் கொலையாளி ஆனான். குழந்தை விளையாடும் அந்த வண்டிக்குள்ளேயே ஆயுதங்களை மறைத்து வைத்திருந்தான்.

வாசகர்கள் கதையை விரும்பிப் படித்தார்கள். பட முதலாளிகளின் பார்வையும் அதன்மேல் விழுந்தது.

குட்டிக்கரணம்

அந்த வேடத்தைத் தனக்கே தரவேண்டும் என்று டொமிசாபுரோ துடித்தார். ஆனால் ஒரு சிக்கல்.

கொஜிமா வரைந்த ஓகாமி, இறுகிய உடல்கட்டும் கல்லில் செதுக்கியதுபோன்ற முகமும் கொண்டவன். இவரோ தொந்தியும் தொப்பையுமாக இருந்தார். மதுவைத் தொடாத இவருக்கு இனிப்பு என்றால் உயிர். புத்தகத்தில் பார்த்த வீரன் வேறு, திரையில் வந்து நிற்கிறவர் வேறு என்று ரசிகர்கள் சிரித்துவிட்டால்?

டொமிசாபுரோ கதாசிரியர் கொய்கேயைத் தேடிப் போனாராம். தன் உடம்பைப் பற்றிச் சந்தேகம் எழுந்தபோது, வாயால் பதில் சொல்லாமல் அந்த இடத்திலேயே குட்டிக்கரணம் போட்டு எழுந்து நின்றாராம். அத்தனை பெரிய உடல் பஞ்சுபோலச் சுழன்று வந்ததைக் கண்ட கொய்கேக்கு வேறு பேச்சு எழவில்லை என்று படவுலகில் சொல்வார்கள்.

படத்தைத் தயாரிக்க முன்வந்தவர் யார் தெரியுமா? தம்பி காட்சு! 1967-ல் அவர் சொந்தப் படக் கம்பெனி தொடங்கியிருந்தார். அண்ணனின் கனவுக்குத் தம்பியே பணம் போட்டார்.

திரைக்கதையைக் கொய்கேயே எழுதினார். டைரக்டர் கென்ஜி மிசுமி. முதல் சாட்டோஇச்சி படத்தை எடுத்தவரும் இவரே. இவர் வளர்ந்த தாயெய் கம்பெனி 1971 டிசம்பரில் நொடித்துப் போயிற்று. அடுத்த மாதமே, 1972 ஜனவரியில், தள்ளுவண்டி வீரனின் முதல் படம் வெளிவந்தது. வெளியிட்டது டோஹோ கம்பெனி.

கோடுகள் அசைந்தன

படக்கதையைச் சினிமா ஆக்குவது எளிது என்று சிலர் நினைக்கலாம். படம்தான் வரைந்து இருக்கிறதே, அதைப் பார்த்து எடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். உண்மை அதுவல்ல.

புத்தகத்தில் வாள் ஓங்கிய கை அப்படியே நிற்கிறது. வாசகர் விரும்பும் நேரம்வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அடுத்த கட்டத்தில் எதிரி விழுந்து கிடக்கிறான். நடுவில் நடந்ததை வாசகரின் மனமே பார்த்துக்கொள்கிறது. சினிமாவிலோ அந்த நடுவில் நடந்ததைத்தான் காட்டியாக வேண்டும்!

மிசுமி இதற்கு ஒரு வழி கண்டார். சண்டைக்கு முன்னால் அசையாமல் நிற்கவிட்டார். வசனம் இல்லை. காற்றின் ஓசை கேட்கும். புல் அசையும். ரசிகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். திடீரென்று வாள் மின்னும். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இங்கேதான் டொமிசாபுரோவின் பல ஆண்டுப் பயிற்சி கைகொடுத்தது. பயிற்சி இல்லாத நடிகராக இருந்தால், படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி வேகம் காட்டவேண்டியிருக்கும். இவர் கையில் உண்மையான வேகமே இருந்தது. முகத்தையோ கல்லாக்கிக்கொண்டார். கோபமும் சோகமும் கண்ணில் மட்டும் தெரிந்தன. சிறிது நேரத்தில் அவருடைய தொப்பை ரசிகர்களின் கண்ணுக்கு மறைந்தே போயிற்று!

முதல் படத்தில் ஒரு சண்டை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஓகாமி நிற்கிறான். குழந்தையின் நெற்றியில் ஒரு சிறு கண்ணாடி. ஓகாமி தலையைத் தாழ்த்துகிறான். சூரிய ஒளி கண்ணாடியில் பட்டு எதிரியின் கண்ணைக் கூசச் செய்கிறது. அந்த ஒரு நொடி போதும்!

குழந்தை டைகோரோ வாய் திறப்பதே அபூர்வம். பெரிய கண்களால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். இரத்தம் பீறிடும் அந்தப் படங்களில் பார்ப்பவர்களின் நெஞ்சைத் தொட்டவை, தகப்பனும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தப் பார்வைகள்தான். ஆனாலும் இவை பெரியவர்களுக்கான படங்கள். குழந்தைகளுக்குக் காட்டத் தக்கவை அல்ல.

முடியாத கதை

1972 என்ற ஒரே ஆண்டில் நான்கு படங்கள் வந்தன. 1973-ல் ஐந்தாவது, 1974-ல் ஆறாவது. முதல் மூன்றைத் தம்பி தயாரித்தார். அதன் பிறகு அண்ணனே தயாரிப்பாளர் ஆனார்.

இதற்கிடையில் ஒரு போட்டி முளைத்தது. 1973 ஏப்ரலில் அதே கதை டெலிவிஷனில் தொடராக ஆரம்பமாயிற்று. அதில் ஓகாமியாக நடித்தவர் கின்னொசுகே யொரொசுயா என்ற புகழ்பெற்ற நடிகர். சினிமாவில் ஓர் ஓகாமி, வீட்டுப் பெட்டியில் இன்னோர் ஓகாமி! அந்தத் தொடர் 1976 வரை நடந்தது.

ஆறாவது படத்தில் பனிமலையில் பெரும் சண்டை. தள்ளுவண்டியே பனியில் சறுக்கும் வண்டியாக மாறுகிறது. ஆனால் யாக்யு குடும்பத்துத் தலைவன் தப்பி ஓடிவிடுகிறான். படம் அத்தோடு நின்றது. ஏழாவது படம் வரவே இல்லை.

புத்தகத்தில் கதை 1976-ல்தான் முடிந்தது. டொமிசாபுரோவின் ஓகாமி பழி தீர்க்காமலே நின்றுவிட்டான். டைரக்டர் மிசுமியும் 1975-ல், 54-வது வயதில் காலமாகிவிட்டார்.

மகனை இழந்த தந்தை

தள்ளுவண்டி நின்றபின் டொமிசாபுரோவின் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. 1979-ல் அவர் எல்லோரையும் திகைக்க வைத்தார்.

கெய்சுகே கினோஷிதா என்ற பெரிய டைரக்டர், உண்மைச் சம்பவம் ஒன்றைப் படமாக்கினார். சிறிய பட்டறை நடத்தும் ஒரு தந்தை. அவருடைய ஒரே மகனை, முன்பின் தெரியாத ஒருவன் தெருவில் குத்திக் கொன்றுவிடுகிறான். காரணம் எதுவும் இல்லை. கொலைகாரனைப் பற்றிப் பேசச் சட்டம் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு உதவ ஒரு சட்டமும் இல்லை. தந்தை கிளம்புகிறார். தன்னைப்போல் துயரப்படும் குடும்பங்களை வீடு வீடாகத் தேடிப் போகிறார். புதுச் சட்டம் வேண்டும் என்று போராடுகிறார்.

அந்தத் தந்தையாக நடித்தவர் டொமிசாபுரோ! இந்த முறை கையில் வாள் இல்லை. பழி வாங்கவும் இல்லை. ஒரு சாதாரண மனிதரின் அழுகையும் பிடிவாதமும் மட்டுமே. தாயாக நடித்தவர் புகழ்பெற்ற நடிகை ஹிதெகோ தகாமினே.

அந்த ஆண்டின் சிறந்த நடிகருக்கான ஜப்பானின் பெரிய பரிசுகள் அவரைத் தேடி வந்தன. குற்றத்துக்குப் பலியானவர்களின் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை வழங்கும் சட்டமும் 1980-ல் ஜப்பானில் நிறைவேறியது. பட்டறைத் தந்தைகள் நடத்திய போராட்டத்தின் பலன் அது.

கடல் தாண்டிய வண்டி

அதே 1980-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. தள்ளுவண்டி வரிசையின் முதல் இரண்டு படங்களை வெட்டிச் சேர்த்து ஒரே படமாக்கினார்கள். ஆங்கிலம் பேச வைத்தார்கள். குழந்தை டைகோரோவே கதையைச் சொல்வதுபோல் அமைத்து, 'ஷோகன் அசாசின்' என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். ஜப்பானியப் படக்கதையைப் படித்தே இராத வெள்ளைக்காரர்கள் டொமிசாபுரோவின் ரசிகர் ஆனார்கள்.

ஹாலிவுட்டும் அவரை அழைத்தது. 1989-ல் வந்த 'பிளாக் ரெயின்' படத்தில் கொள்ளைக் கூட்டத் தலைவராக நடித்தார்.

1992-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2-ந் தேதி கியோட்டோ நகரில் இதயச் செயலிழப்பால் அவர் உயிர் பிரிந்தது. வயது 62. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1997-ல், தம்பி காட்சுவும் மறைந்தார்.

அவர் மறைந்தபின்னும் வண்டி ஓடுகிறது. 2004-ல் வந்த 'கில் பில்' இரண்டாம் பாகத்தில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்து பார்ப்பது இந்த 'ஷோகன் அசாசின்' படத்தைத்தான். 2019-ல் தொடங்கிய 'மாண்டலோரியன்' தொடரில் முகமூடி வீரன் ஒருவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிரகம் விட்டுக் கிரகம் போகிறானே, அவனுக்கும் முன்னோடி இந்த ஓநாயும் குட்டியும்தான்.

உருவப் பொருத்தம் பார்த்திருந்தால் அந்த வேடம் டொமிசாபுரோவுக்குக் கிடைத்திருக்காது. சிறு வயதில் ஜூடோ விரிப்பில் விழுந்து விழுந்து எழுந்த பழக்கம், 42-வது வயதில் ஒரு குட்டிக்கரணத்தில் பலன் தந்தது. கற்றது கைவிடாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி!