வேலை கிடைக்காத சாலிம் அலி

போன அக்டோபர் கடைசியில் நாங்க நாலு பேர் திருச்சியிலிருந்து கோடிக்கரைக்குப் போனோம். மூணாவது கம்பெனியும் என்னை இன்டர்வியூவில் கழட்டிவிட்ட வாரம் அது. ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்திருக்க முடியலை, அவ்வளவுதான் காரணம்.

பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்கு, பூங்குழலி படகு ஓட்டின ஊர்னு சொன்னா புரியும். நம்ம ஸ்ரீரங்கத்தைச் சுத்திப் போற காவிரி, கிழக்கே கிளை கிளையாப் பிரிஞ்சு உண்டாக்கின டெல்டாவின் தென்கிழக்கு மூலை அது. விடியற்காலையில் சதுப்பு ஓரம் நின்னோம். ஒரு கூட்டம் கொசு உள்ளான் ஒரே நேரத்தில் எழும்பித் திரும்பிச்சு. ஒரு குருவி கோழி முட்டையில் பாதி எடைதான் இருக்கும். ஆர்க்டிக் ஓரத்தில் குஞ்சு பொரிச்சுட்டு, குளிருக்கு முன்னாடி இவ்வளவு தூரம் வந்துடுது. அங்கிருந்துதான் வருதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு தேடினப்போதான் சாலிம் அலியின் கதைக்குள் போனேன்.

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தவர். மூணு வயசுக்குள் அப்பா அம்மா ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. மாமா வீட்டில் வளர்ந்தார். சின்ன வயசில் ஏர்கன்னால் சுட்ட ஒரு சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. என்ன குருவின்னு மாமாவுக்கும் தெரியலை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலராக இருந்த மில்லார்ட் குருவியின் பெயரைச் சொன்னதோடு, அலமாரி அலமாரியாகப் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையும் திறந்து காட்டினார்.

இதுக்கப்புறம் எல்லாம் நேரா போயிருக்கும்னு நினைச்சேன். போகலை. காலேஜைப் பாதியில் விட்டார். பர்மாவுக்குப் போய்க் குடும்பத்தின் சுரங்கத் தொழிலைப் பார்த்தார், அது கைகொடுக்கலை. திரும்பி வந்து விலங்கியல் படித்தார், ஆனா முறையான டிகிரி இல்லை. அதனாலேயே இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை வேலை கிடைக்கலை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. லீவு போட்டு ஜெர்மனி போய், பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றார். 1930-ல் திரும்பி வந்தால், பணம் இல்லைன்னு அந்தப் பதவியையே எடுத்துட்டாங்க. வயசு 33, கல்யாணமும் ஆகியிருந்தது.

வாடகை கட்டுப்படியாகாததால், அவரும் மனைவி தெஹ்மினாவும் பம்பாய்க்கு அந்தப் பக்கம் கிஹிம் என்கிற கடலோர ஊருக்குப் போனார்கள். அங்கே வீட்டுப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையில்லாத மனுஷன் மழைக்காலம் முழுக்க அதையே பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டிக் காத்திருக்கும். பெண் வந்து சோதிச்சுப் பார்த்துப் பிடிச்சாத்தான் குடியேறும். ஆண் மீதிக் கூட்டை முடிச்சுட்டு அடுத்த கூட்டை ஆரம்பிச்சு இன்னொரு பெண்ணைத் தேடும். அதுவரை யாரும் சரியா எழுதாத இந்த விஷயம்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர்னு சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். சம்பளம் வேண்டாம், செலவு மட்டும் போதும்னு செய்த வேலை. கூடவே அலைந்த தெஹ்மினா 1939-ல் இறந்தார். 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. ஒரு சந்தோஷமான தகவலும் உண்டு: அவர் பெரிய பைக் பிரியர். 1950-ல் ஸ்வீடனில் நடந்த மாநாட்டுக்குத் தன் சன்பீம் பைக்கையும் கப்பலில் ஏத்திக்கிட்டுப் போனார்.

கோடிக்கரை இந்தக் கதைக்குள் வருவது அவர் அறுபதைத் தாண்டின பிறகு. 1957-ல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் பரவியது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் அந்தக் கிருமியைக் கொண்டுவருதோன்னு சந்தேகம். உலக சுகாதார நிறுவனத்தின் பணத்தில், பறவைகளைப் பிடித்து வளையம் மாட்டும் திட்டத்தை அவர் தலைமையில் கழகம் தொடங்கியது. பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார்கள், அதாவது பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள், இதில் பெரிய துணை. பறவைக்கு அடிபடாமல் பிடிக்கும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. பின்னாளில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுப் பிரிவும் பணம் கொடுத்ததால் சாலிம் அலி மேல் சந்தேகக் கேள்விகளும் எழுந்தன. அதையும் தாங்கினார்.

காலில் மாட்டும் லேசான உலோக வளையத்தில் ஒரு எண்ணும் கழகத்தின் பெயரும் இருக்கும். அவ்வளவுதான் டெக்னாலஜி. ஆயிரக்கணக்கில் மாட்டினால் ஏதோ ஒன்றிரண்டு எங்கோ ஒரு நாட்டில் யார் கையிலாவது கிடைக்கும். அவர் தகவல் அனுப்பினால்தான் வரைபடத்தில் ஒரு கோடு போட முடியும். கோடிக்கரை அந்த வேலையின் முக்கியமான இடமாச்சு. 1967-ல் சரணாலயமாச்சு. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1987 ஜூன் 20-ல் தொண்ணூறு வயசில் இறந்துட்டார். நம்ம கோவை ஆனைகட்டியில் அவர் பேரில் ஒரு ஆய்வு மையம் இருக்கு.

இதைப் படிச்சதால் எனக்கு வேலை கிடைச்சிடலை. நாலாவது இன்டர்வியூ அடுத்த வாரம். ஆனா இப்போ சாயங்காலம் கொள்ளிடம் பாலத்தில் பஸ் நின்னா போனை எடுக்காம ஆத்து மணலைப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்க. வளையம் போட்ட பறவை எங்காவது கண்ணில் பட்டா, அந்த எண்ணைக் குறிச்சு பம்பாய் கழகத்துக்கு அனுப்புங்க. யாரோ ஒருத்தர் அதுக்காகக் காத்திருப்பாங்க.