மூலிகை ஆய்வில் ஒளிவீசிய மாதரசி அசீமா சாட்டர்ஜி

நம் வீட்டு முற்றத்திலும் சாலை ஓரத்திலும் யாரும் நீர் வார்க்காமலே பூத்துக் குலுங்குவது நித்திய கல்யாணிச் செடி. கல்லறைகளின் அருகே மிகுதியாக வளர்வதால் அதைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வர். இந்த எளிய செடிக்குள் புற்றுநோயை எதிர்க்கும் மருந்து அடங்கியிருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? இத்தகைய செடிகளில் மறைந்துள்ள வேதிப்பொருள்களை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் டாக்டர் அசீமா சாட்டர்ஜி. அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சிறிது காண்போம்.

அசீமா 1917-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை இந்திரநாராயண் முகர்ஜி ஒரு மருத்துவர். செடிகொடிகளில் அவருக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. அந்த ஆர்வம் மகளுக்கும் தொற்றிக்கொண்டது. பெண்கள் கல்லூரிக்குச் செல்வதே அரிதாக இருந்த அக்காலத்தில், அசீமா ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் வேதியியல் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். 1938-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பிரபுல்ல சந்திர ராய், சத்யேந்திரநாத் போஸ் போன்ற பேரறிஞர்களின் வழிகாட்டுதல் அவருக்குக் கிடைத்தது.

1940-இல் லேடி பிரபோர்ன் மகளிர் கல்லூரியில் வேதியியல் துறையைத் தொடங்கி அதன் தலைவியானார். கற்பித்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்து, 1944-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண்மணி இவரே. அடுத்த ஆண்டு வேதியியல் அறிஞரான வரதானந்த சாட்டர்ஜியை மணந்தார்.

1947-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றபோது, கைக்குழந்தையான மகளையும் உடன் அழைத்துச் சென்றார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்திலும் ஆய்வு செய்த பின், சுவிட்சர்லாந்து சென்று நோபல் பரிசு பெற்ற பால் காரரிடம் பணியாற்றினார். வெளிநாட்டிலேயே தங்கிவிடாமல் 1950-இல் தாய்நாடு திரும்பினார். இங்கோ ஆய்வுக்கூடங்களில் போதிய கருவிகள் இல்லை. பணமும் குறைவு. நுட்பமான சோதனைகளுக்குப் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை.

அவர் பெரிதும் ஆராய்ந்தது ஆல்கலாய்டுகளை. செடிகள் தம்முள் உண்டாக்கும் நைட்ரஜன் கலந்த பொருள்களே இவை. பெரும்பாலும் கசப்பானவை, பல நச்சுத்தன்மை உடையவை. அளவோடு பயன்படுத்தினால் சில அரிய மருந்தாகும். நித்திய கல்யாணியின் ஆல்கலாய்டுகள் அத்தகையவை.

கனடா நாட்டில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் அச்செடியின் இலை நீரிழிவுக்குப் பயன்படுமா என்று சோதித்தனர். அதற்கு அது பயன்படவில்லை. ஆனால் சோதனை விலங்குகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்துபோனதை அவர்கள் கவனித்தனர். அப்படியானால் வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய்க்கு இது உதவாதா என்று எண்ணி, 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அமெரிக்காவில் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் கிடைத்தது. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்குப் பிற மருந்துகளோடு சேர்த்து இன்றும் இது தரப்படுகிறது. வின்கா ஆல்கலாய்டுகள் எனப்படும் இந்தக் குடும்பத்தைப் பற்றிய அறிவை வளர்த்தோருள் அசீமாவும் ஒருவர். கல்கத்தாவில் பல ஆண்டுகள் அவர் இவற்றை ஆராய்ந்தார்.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள் மெல்லிய இழைகள் தோன்றிக் குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கின்றன. மருந்து அந்த இழைகள் உருவாகாமல் தடுத்துவிடும். பிரிய முடியாத புற்று அணு மடிகிறது. ஆனால் மயிர்க்கால் போன்ற நல்ல அணுக்களையும் அது தாக்குவதால் முடி உதிர்வது உண்டு. நரம்புகளும் பாதிக்கப்படலாம். ஆகவே நித்திய கல்யாணி இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது ஆபத்தானது. பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் அளவே கிடைக்கும் பொருளை, மருத்துவர்தாம் நோயாளியின் உடல்நிலை அறிந்து அளந்து தருகிறார். இலைக்கும் மருந்துக்கும் இடையே இருப்பது அசீமா போன்றோரின் உழைப்பு.

ஏழிலைப்பாலை, கடுகுரோகிணி போன்ற மூலிகைகளிலிருந்து மலேரியாவுக்கும், ஆரைக்கீரையைச் சேர்ந்த செடி முதலியவற்றிலிருந்து காக்கை வலிப்புக்கும் மருந்து காண அவர் வழிவகுத்தார். 1961-இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு பெற்ற முதல் பெண்மணி ஆனார். 1962 முதல் 1982 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கைரா பேராசிரியராக விளங்கினார்.

1967-ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயரம் நேர்ந்தது. சில மாத இடைவெளியில் தந்தையையும் கணவரையும் இழந்தார். அவர் உடல்நலமும் குன்றியது. எனினும் மீண்டு எழுந்து ஆய்வுக்கூடத்துக்கே திரும்பினார். 1975-இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. இந்திய அறிவியல் மாநாட்டின் பொதுத் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அறிவியலாரும் இவரே. 1982 முதல் 1990 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். ஏறத்தாழ 400 ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய இவர், பள்ளி மாணவருக்காக வங்க மொழியில் வேதியியல் நூலும் எழுதினார். 2006-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் மறைந்தார்.

அன்புத் தோழியரே! பெண் என்பதும், தாய் என்பதும், வசதிக் குறைவும் அவருடைய ஆராய்ச்சிக்குத் தடையாகவில்லை. இன்னும் ஆராயப்படாத செடிகள் நம் நாட்டில் எத்தனையோ உள்ளன. வேதியியல் கடினம் என்று அஞ்சி ஒதுங்காமல் கருத்தூன்றிப் பயில்வோம். நாளை ஒரு குழந்தையின் நோயைத் தீர்க்கும் மருந்தை நம்மில் ஒருத்தி கண்டறியக் கூடும். பெற்றோரும் தம் பெண்மக்களை அதற்கு ஊக்குவிப்பார்களாக!