மா. கிருஷ்ணன்

தென்கால் கண்மாய்ப் பக்கம் காலை நடை போகும் நம் உறுப்பினர்கள் தினமும் பத்துப் பறவையாவது பார்க்கிறோம். பெயர் கேட்டால் விழிப்போம், நானும்தான். தமிழ்நாட்டில் அப்படி விழிக்காத ஒருவர் இருந்தார்.

1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 13 வயதில் தந்தை தவறிவிட்டார். தாவரவியலும் சட்டமும் படித்தும் சென்னையில் நிலையான வேலை அமையவில்லை. பெல்லாரிப் பக்கம் சந்தூர் சமஸ்தானத்தில் சில வருடம் உத்தியோகம். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னை திரும்பினார். அதன்பின் எழுத்தும் புகைப்படமும்தான் பிழைப்பு. வங்கியில் ஒன்றாம் தேதியை எதிர்பார்த்தே காலம் தள்ளிய எனக்கு இதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

1950-ல் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் ஒரு பத்தி ஆரம்பித்தார். 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை, 46 வருடம் எழுதினார். (லெட்ஜரைக்கூட நாங்கள் அப்படி எழுதியதில்லை.) யானை, காட்டெருமை மட்டுமல்ல, காகம், அணில், பல்லி எல்லாம் அதில் வரும். மயிலாப்பூர் வீட்டைச் சுற்றிப் பார்த்ததே நிறைய. படங்கள் கறுப்பு வெள்ளை. பல பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்த காமிரா. 1960-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வெளிநாட்டு மரங்களை நடுவது அவருக்கு ஆகாது. நம் மண்ணின் மரம்தான் வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார்.

நமது சங்கம் மழைக்கு முன் வாங்கவிருக்கும் கன்றுகளில் குல்மொஹர்தான் அதிகம். நாவலும் புங்கனும் நாலு சேர்க்கலாமே என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.