ஆயிரம் முகங்கள் கொண்ட நடிகர்

வாய் பேசாத பெற்றோரிடம் பேசக் கற்ற ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

1883 ஏப்ரல் 1ஆம் திகதி அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் லொன் சேனி பிறந்தார். தாய் தந்தை இருவருக்கும் காது கேளாது, பேசவும் வராது. தாயார் வாத நோயால் படுக்கையில் விழுந்தபோது, சிறுவன் பள்ளிப் படிப்பை விட்டு அவரைப் பராமரித்தான். ஊரில் அன்றன்று நடந்தவற்றை முகத்தாலும் கையாலும் நடித்துக் காட்டினான். அதுவே அவரது நடிப்புப் பள்ளிக்கூடம்.

பின்னர் நாடக மேடையிலிருந்து ஹொலிவூட்டின் ஊமைப் படங்களுக்கு வந்தார். ஒப்பனையைத் தாமே செய்துகொண்டார். 1923இல் பரிஸ் நோத்ர டாம் பேராலயத்தின் மணியடிக்கும் கூனனாகவும், 1925இல் இசைநாடக அரங்கின் அடியில் ஒளிந்து வாழும் கோர முகத்தினனாகவும் தோன்றினார். அம்முகங்களின் பின்னே அன்புக்கு ஏங்கும் உள்ளத்தைக் காட்டியதே அவரது திறமை.

1930இல் முதன்முறையாகப் பேசும் படமொன்றில் ஐந்து விதக் குரல்களில் பேசினார். அதுவே கடைசிப் படமுமாயிற்று. புற்றுநோய் குரலைப் பறித்தது. இறுதி நாட்களில் பெற்றோரிடம் கற்ற சைகை மொழியே கைகொடுத்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி, 47ஆவது வயதில் காலமானார்.

நோயுற்ற தாயின் கட்டிலருகே கழித்த காலம் வீண்போகவில்லை என்பதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.