சூதாட்ட விடுதிகளை மூடிய குமாஸ்தா

சிங்கப்பூர் நகரை உருவாக்கிய சர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் பெயரைப் பலரும் கேள்விப்பட்டு இருப்பார்கள். ஆனால் அவர் தன் வாழ்க்கையை ஒரு சாதாரண குமாஸ்தாவாகத் தொடங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது.

கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கியவர்களின் பிள்ளைகள் இன்று மாரிகுப்பம் ரெயிலில் பெங்களூருக்குக் குமாஸ்தா வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ராபிள்சின் ஆரம்ப நாட்கள் புதிதாக இராது.

கப்பலில் பிறந்தார்

1781-ம் ஆண்டு ஜூலை மாதம் 6-ந் தேதி, ஜமைக்கா தீவுக்கு அருகே நடுக்கடலில் ஒரு கப்பலில் பிறந்தார் ராபிள்ஸ். தந்தை கப்பல் தலைவர். பெயருக்குத்தான் தலைவர். வீட்டில் கடன் மிகுந்து இருந்தது. அதனால் பையனின் படிப்பு பாதியில் நின்றது.

14-வது வயதில், லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி தலைமை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் ஆண்டுக்கு 70 பவுன். பகல் முழுவதும் கடிதங்களைப் படி எடுக்கும் வேலை. இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடம் படிப்பார். மெழுகுவர்த்தி வீணாகிறதே என்று தாயார் கடிந்து கொள்வாராம்.

பத்து ஆண்டு இப்படியே போனது. 1805-ல் பினாங்குத் தீவில் உதவிச் செயலாளர் பதவி கிடைத்தது. சம்பளம் 1,500 பவுன் ஆயிற்று! கப்பலில் போகும்போதே அவர் மலாய் மொழி கற்றுக்கொண்டார். மற்ற வெள்ளைக்காரர்கள் துபாஷியை நம்பி இருந்தபோது, இவர் மக்களிடம் நேரில் பேசினார். அதுவே அவரை உயர்த்தியது. 1811-ல் ஜாவா தீவின் ஆட்சி அவர் கைக்கு வந்தது.

ஜாவாவில் அவர் செய்தது எல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது. 1812-ல் யோக்யகர்த்தா அரண்மனையை அவருடைய படை கொள்ளை அடித்தது. அதையும் மறக்கக்கூடாது.

வரி இல்லாத துறைமுகம்

1819-ம் ஆண்டு ஜனவரி கடைசியில் ராபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தார். பிப்ரவரி 6-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு பினாங்கில் இருந்து அவருடன் வந்தவர்களில் ஒருவர், நாராயண பிள்ளை என்ற தமிழர். சிங்கப்பூரில் செங்கல் சூளை போட்டவர் அவர். மாரியம்மன் கோவில் எழும்பக் காரணமாக இருந்தவரும் அவரே. அவருடைய துணிக்கடை தீக்கு இரையானபோது, வேறு இடம் கொடுத்து உதவியவர் ராபிள்ஸ்.

வரும் கப்பலுக்கும் சரக்கிற்கும் சுங்கவரி கிடையாது என்பதே ராபிள்ஸ் போட்ட திட்டம். சொல்லிவிட்டு அவர் சுமத்ராவில் உள்ள பெங்கூலனுக்குப் போய்விட்டார். ஊரை நடத்தும் பொறுப்பு கர்னல் வில்லியம் பார்க்குவார் தலையில் விழுந்தது.

கப்பல்கள் வந்தன. மக்கள் குவிந்தார்கள். கூடவே திருட்டும் அடிதடியும் வந்தன. போலீஸ் வைக்கவேண்டும். சம்பளம் எங்கிருந்து கொடுப்பது? சுங்கவரி கூடாது. கல்கத்தாவில் இருந்து பணமும் வராது.

பார்க்குவார் ஒரு வழி கண்டார். 1820-ல் அபினி, சாராயம், சூதாட்டம் மூன்றையும் குத்தகைக்கு விட்டார். நம் ஊரில் கள்ளுக்கடை ஏலம் விட்ட கதைதான். குத்தகைக்காரர் அரசுக்கு மாதப் பணம் கட்டுவார். தாயம் உருட்டும் விடுதியும் சேவல் சண்டைக் களமும் அவர் பொறுப்பில் நடக்கும். சூதாட்ட விடுதியில் வந்த பணத்தில், சூதாட்டக் கலகத்தை அடக்கும் போலீஸ்காரருக்குச் சம்பளம்!

ராபிள்ஸ் பெங்கூலனில் இருந்தபடி ஆட்சேபம் எழுதினார். கடிதம் போய்ச் சேரவே வாரக் கணக்கு ஆகும். பார்க்குவாருக்கோ மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்தாக வேண்டும். குத்தகை தொடர்ந்தது. பார்க்குவாரை முழுக்கக் குறை சொல்வதும் நியாயம் இல்லை. கையில் காசு கொடுக்காமல் ஊரை நடத்தச் சொன்னால் யாரும் என்ன செய்வார்கள்?

விடுதிகள் மூடப்பட்டன

1822 அக்டோபரில் ராபிள்ஸ் திரும்பி வந்தார். அதற்கு முன்பு பெங்கூலனில் அவருடைய மூன்று குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் இறந்து இருந்தன. தீராத தலைவலி வேறு. ஆனால் வந்ததும் வேலையில் இறங்கினார்.

1823-ல் வரிசையாகச் சட்டங்கள் போட்டார். அடிமை வியாபாரத்துக்குத் தடை. சூதாட்ட விடுதிக்கும் சேவல் சண்டைக்கும் தடை. விடுதி நடத்தினாலும், பணம் வைத்து ஆடினாலும் பிரம்படி. பந்தயத்தில் வைத்த பொருள் பறிமுதல். கூலிக்காரன் சம்பாத்தியத்தைச் சூதில் பறிகொடுத்து, கடன்பட்டு, கடைசியில் அடிமையாகவோ திருடனாகவோ ஆகிறான் என்பது அவர் கருத்து. அதில் வரும் வருமானம் அரசுக்குத் தேவை இல்லை என்று எண்ணினார்.

ஆனால் ஒன்று. சூதை மூடிய அதே ராபிள்ஸ், அபினியை மூடவில்லை. அபினிக்கும் சாராயத்துக்கும் கடும் வரி போடவே சொன்னார். அந்தப் பணத்தை விட அவருக்கும் மனம் வரவில்லை.

பார்க்குவார் பதவியில் இருந்து இறக்கப்பட்டார். 1823 ஜூனில் ராபிள்ஸ் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டார். பிறகு திரும்பவே இல்லை.

மீண்டும் குத்தகை

அடுத்து வந்தவர் ஜான் கிராபர்டு. கணக்கில் கெட்டி. இப்படிச் சட்டம் போட ராபிள்சுக்கு அதிகாரமே இல்லை என்பது அவர் வாதம். சூதாட்டத்தை ஒழிக்க முடியாது, மறைவில் நடப்பதைவிட அனுமதி பெற்று நடப்பது மேல் என்று நினைத்தார். சில மாதத்திலேயே குத்தகை திரும்பி வந்தது. வருமானம் கொட்டியது.

1827-ல் ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய கிராண்ட் ஜூரி, இது ஒழுக்கக்கேடு என்று எதிர்ப்புத் தெரிவித்தது. 1829-ல் சூதாட்டக் குத்தகை நிறுத்தப்பட்டது.

சூது நின்றதா? இல்லை. கதவு மூடிக்கொண்டது, அவ்வளவுதான். முன்பு அரசுக்குப் போன பணம், பிறகு போலீஸ்காரர் பைக்கும் ரகசியச் சங்கங்களுக்கும் போயிற்று. 1877-ல் சீனர் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். பெயர் வில்லியம் பிக்கரிங். சீன மொழி தெரிந்தவர். சூதாட்டக்காரர்களை அவர் கடுமையாக நெருக்கினார். 1887 ஜூலையில் ஒரு தச்சர் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே நுழைந்து கோடரியால் நெற்றியில் தாக்கினார். பிக்கரிங் உயிர் பிழைத்தாலும் பழைய உடல்நலம் திரும்பவில்லை.

ஹாங்காங்கிலும் இதே தொல்லைதான். அங்கே போலீஸ் லஞ்சத்தை ஒழிக்க 1867-ல் கவர்னர் மெக்டோனல் விடுதிகளுக்கு லைசென்சு கொடுத்தார். லண்டனில் எதிர்ப்புக் கிளம்பியது. சில ஆண்டில் லைசென்சு ரத்தாயிற்று.

ராபிள்ஸ் மூடிய ஊரிலேயே 2010-ல் இரண்டு பெரிய சூதாட்ட மாளிகைகள் அரசு அனுமதியோடு திறந்தன. வெளிநாட்டார் இலவசமாகப் போகலாம். உள்ளூர்க்காரர் ஒரு நாள் நுழையவே 100 டாலர் கட்டவேண்டும் என்று விதித்தார்கள். 2019-ல் அது 150 டாலர் ஆயிற்று.

கடைசி நாட்கள்

ராபிள்சின் முடிவு பரிதாபமானது. 1824 பிப்ரவரியில் தாய்நாடு திரும்பக் கப்பல் ஏறினார். அன்றிரவே கப்பல் தீப்பிடித்தது. உயிர் தப்பினார். ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்த்த ஓலைச்சுவடிகள், படங்கள், வரைபடங்கள் எல்லாம் சாம்பலாயின.

லண்டனில் புகழ்பெற்ற விலங்கியல் சங்கத்தை 1826-ல் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு, அவர் எழுத்தராக உழைத்த கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியது. ஓய்வு ஊதியம் கேட்டவருக்கு, பழைய கணக்கில் 22 ஆயிரம் பவுனுக்கு மேல் திருப்பித் தரவேண்டும் என்று பதில்!

மூன்று மாதம் கழிந்தது. ஜூலை 5-ந் தேதி, 45-வது பிறந்த நாளுக்கு முதல் நாள், ராபிள்ஸ் இறந்தார். உள்ளூர்ப் பாதிரியாரின் குடும்பம் அடிமைத் தோட்டங்களில் பணம் சேர்த்தது என்றும், அதனால் ராபிள்சுக்கு நினைவுக்கல் வைக்க அவர் சம்மதிக்கவில்லை என்றும் சொல்வார்கள். கம்பெனியின் கடனை மனைவி சோபியா 10 ஆயிரம் பவுன் கட்டித் தீர்த்தார். ராபிள்சின் கல்லறை எங்கே இருக்கிறது என்பது 1914-ம் ஆண்டு வரை யாருக்கும் தெரியவில்லை.