கையில் வாங்காத பணத்துக்கும் வரி!
குத்துச்சண்டை மாவீரர் ஜோ லூயிஸ் கதை

உலகப் பட்டத்தையே பணயம் வைத்துக் கோதாவில் இறங்கினார். ஜெயித்தார். கிடைத்த பரிசுப் பணம் முழுவதையும் தர்மத்துக்குக் கொடுத்தார். ஆனால் பிற்காலத்தில் அந்தப் பணத்துக்கும் சேர்த்து வரி கேட்டது அரசாங்கம்!

இந்தச் சோதனைக்கு ஆளானவர் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ்.

பிழைப்புத் தேடி...

1914-ம் ஆண்டு மே 13-ந் தேதி அலபாமா மாநிலத்தில் பிறந்தார். கறுப்பு இனத்தவர். அடுத்தவர் நிலத்தில் பங்குக்குப் பருத்தி பயிரிட்ட ஏழைக் குடும்பம். 1926-ல் குடும்பமே பிழைப்புத் தேடி மோட்டார் நகரமான டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது.

வயலின் கற்றுக்கொள்ளத் தாயார் காசு கொடுத்தார். பையன் அதைக் கொண்டுபோய்க் குத்துச்சண்டைப் பயிற்சிக்குக் கட்டினான்!

வேலை இல்லாத் திண்டாட்டம் வாட்டிய காலம் அது. நகராட்சி கொடுத்த நிவாரணப் பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. சண்டையில் சம்பாதிக்கத் தொடங்கியதும், லூயிஸ் அந்தப் பணத்தை நகராட்சிக்குத் திருப்பிக் கட்டினார். அப்படிக் கட்டும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை.

1937-ல் ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். தன்னை ஒருமுறை தோற்கடித்த ஜெர்மன் வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 1938-ல் முதல் ரவுண்டிலேயே சாய்த்தார். அமெரிக்கா முழுவதும் அவர் புகழ் பரவியது.

தர்மச் சண்டை

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. அமெரிக்கா போரில் குதித்தது. 1942 ஜனவரி 9-ந் தேதி நியூயார்க்கில் பட்டி பேயருடன் லூயிஸ் மோதினார். தன் பங்குப் பணம் முழுவதும் கடற்படையினர் குடும்பங்களுக்கு உதவும் நிவாரணச் சங்கத்துக்கு என்று அறிவித்திருந்தார்.

ஜெயித்தால் கைக்கு ஒரு காசு வராது. தோற்றாலோ பட்டம் போய்விடும். அப்படிப்பட்ட சண்டை அது! முதல் ரவுண்டிலேயே பேயர் விழுந்தார். சங்கத்துக்கு சுமார் 47 ஆயிரம் டாலர் கிடைத்தது.

அப்போது அமெரிக்கக் கடற்படையில் கறுப்பர்களுக்குச் சமையல், பரிமாறும் வேலைதான். அந்தக் கடற்படைக்கா உதவி என்று அவருடைய இனத்தவரே சிலர் குறை கூறினார்கள். லூயிஸ் மனம் மாறவில்லை. நாட்டில் உள்ள கோளாறுகள் அவருக்குத் தெரியும். ஆனாலும் அது தன் நாடு என்று நினைத்தார்.

அடுத்து ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 21 டாலர். மார்ச் 27-ந் தேதி ஏப் சைமனுடன் மோதி 6-வது ரவுண்டில் ஜெயித்தார். அந்தப் பணம் சுமார் 36 ஆயிரம் டாலரும் ராணுவ நிவாரண நிதிக்குப் போனது. போர் முடியும் வரை ஊர் ஊராகப் போய், சிப்பாய்கள் முன்னால் 96 காட்சிச் சண்டைகள் போட்டார்.

கணக்கு வந்தது

லூயிஸ் கொடுக்கத் தெரிந்தவர். கணக்குப் பார்க்கத் தெரியாதவர். வாழ்நாளில் அவர் சண்டைகள் மூலம் வந்தது 46 லட்சம் டாலர். அதில் அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம்தான். மீதி கூட இருந்தவர்களுக்குப் போயிற்று.

1950-ல் வரித்துறை பழைய கணக்குகளைப் புரட்டியது. தர்மத்துக்குக் கொடுத்த பரிசுப் பணமும் அவருடைய வருமானமாகவே எழுதப்பட்டிருந்தது. வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 5 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி! பிறகு அது குட்டி போட்டு 10 லட்சத்தைத் தாண்டியது.

1949-ல் ஓய்வு பெற்றிருந்தவர், கடனுக்காக மறுபடியும் கோதாவில் இறங்கினார். 1951-ல் இளம் வீரர் ராக்கி மார்சியானோவிடம் அடிபட்டு விழுந்தார். பிறகு மல்யுத்தம் கூடச் செய்தார். 1953-ல் தாயார் இறந்தபோது மகனுக்கு விட்டுச்சென்றது 667 டாலர். அதையும் வரித்துறை எடுத்துக்கொண்டது.

1960-களில்தான் வரித்துறை சற்று இறங்கி வந்தது. அவ்வப்போது வரும் வருமானத்துக்குத் தகுந்தபடி கட்டினால் போதும் என்றது. கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு பெரிய ஓட்டலில், வருகிறவர்களை வரவேற்கும் வேலை பார்த்தார்.

1981 ஏப்ரல் 12-ந் தேதி, 66-வது வயதில் காலமானார். ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தி, ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அடக்கம் செய்ய உத்தரவிட்டார். இறுதிச் சடங்குச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஒரு காலத்தில் அவரிடம் அடிவாங்கி விழுந்த ஜெர்மன் வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்!