மின்னலுக்கு வழிகாட்டியவர்



இடி மின்னல் என்றால் நம் எல்லோருக்குமே பயம்தான். அந்த மின்னலுக்கே தரைக்கு இறங்க வழி அமைத்துக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் பெஞ்சமின் பிராங்க்ளின்.

இவர் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவர். அவருடைய 17 பிள்ளைகளில் பிராங்க்ளின் 15ஆவது. வறுமையால் 10 வயதிலேயே படிப்பு நின்றது. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 17 வயதில் பிலடெல்பியா நகருக்குச் சென்று, பின்னாளில் அங்கே சொந்தமாக அச்சகமும் பத்திரிகையும் நடத்தினார்.

அந்தக் காலத்தில் தீக்கங்குகளைத் திறந்த கரண்டியில் வைத்து, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு எடுத்துப் போவார்கள். ஒரு கங்கு கீழே விழுந்தாலும் வீடே எரிந்துவிடும் அல்லவா? கங்குகளை மூடிய பாத்திரத்தில் கொண்டு செல்லுங்கள், புகைபோக்கிகளைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று 1735இல் தம் பத்திரிகை மூலம் எச்சரித்தார். மறு ஆண்டே நண்பர்களைச் சேர்த்து ஒரு தீயணைப்புச் சங்கம் தொடங்கினார். உறுப்பினர்கள் தோல் வாளிகளையும் பைகளையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடித் தீயைப் பற்றிப் பேசுவார்கள்.

பிறகு அவருடைய ஆர்வம் மின்சாரத்தின் மீது திரும்பியது. 1750 டிசம்பரில் ஒரு நாள், மின்சாரத்தைச் சேமித்து வைத்த இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகளைக் கொண்டு ஒரு வான்கோழியைக் கொல்ல முயன்றார். சுற்றிலும் நண்பர்களின் பேச்சு. கவனம் சிதறியது. ஜாடிகளின் மின்சாரம் முழுவதும் அவர் உடலிலேயே பாய்ந்துவிட்டது! நல்லவேளையாக உயிர் பிழைத்தார். ஆனால் மறுநாள் காலை வரை கைகளில் மரமரப்பு நீங்கவில்லை. வெட்கமாக இருந்தபோதிலும், நடந்ததைத் தம் சகோதரருக்கு எழுதினார். இதே சோதனைகளைச் செய்துவந்த ஒரு நண்பரை எச்சரிக்கும்படியும் சொன்னார்.

1752இல் பட்டம் விட்டு, மின்னலும் மின்சாரமே என்று காட்டினார். அடுத்த ஆண்டே ரஷ்யாவில் மின்னலை ஆராய்ந்த ரிக்மன் என்ற அறிஞர் மின்னல் தாக்கி இறந்துபோனார். ஆகவே குழந்தைகளே, மழை நேரத்திலோ மின்கம்பிகளுக்கு அருகிலோ பட்டம் விடவே கூடாது.

பிராங்க்ளின் கண்டுபிடித்த இடிதாங்கி, மின்னலின் மின்சாரத்தைக் கட்டடத்துக்குச் சேதமில்லாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. அதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று விட்டுவிட்டார். 1790 ஏப்ரல் 17 அன்று தமது 84ஆம் வயதில் காலமானார்.

உங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பாருங்கள். மூன்று முனைகளில் ஒன்று மட்டும் தடிமனாக இருக்கும். அதுதான் 'எர்த்'. பெட்டியின் உலோகப் பகுதியில் மின்சாரம் கசிந்தால், அது மண்ணுக்குப் போக வழி தருவது இந்த முனையே. இடிதாங்கி செய்யும் வேலையும் இதுதானே! ஆகையால் அந்த முனையை ஒடித்துவிட்டுச் செருகக் கூடாது.

ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். ஒரே பிளக்கில் பல கருவிகளை மாட்டாதீர்கள். வயரின் மேலுறை கிழிந்திருந்தால் உடனே அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் பெரியவர்களை அழைத்து மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். மின்சாரத்தால் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

மின்சாரத்தை நன்கு அறிந்த மேதைக்கே ஒரு நொடி கவனக்குறைவு ஆபத்தாயிற்று. நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்!